தெரியாத பிள்ளைகள் தேவை

சாலை முடிகிற இடத்தில் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. அதற்கு அப்பால் மணல், மணலுக்கு அப்பால் கடல். முப்பத்திரண்டு பிள்ளைகள், ஐந்து வகுப்புகள், ஒரே ஓர் ஆசிரியர். முகத்துக்கு நேரே அவரை எல்லாரும் ‘சார்’ என்பார்கள். முதுகுக்குப் பின்னால் ‘ஒத்தை வாத்தியார்’. அவருக்கும் அது தெரியும். வருத்தம் ஒன்றுமில்லை, உள்ளதைத்தானே சொல்கிறார்கள்.

பள்ளிக்கூடம் என்பது ஒரே ஒரு கூடம். சுவருக்கு ஒரு வகுப்பாக நான்கு வகுப்புகள் நான்கு பக்கமும் உட்கார்ந்திருக்கும். ஐந்தாம் வகுப்புக்குச் சுவர் கிடையாது, நடுவில் இருக்கும். மழை வந்தால் மூன்றாம் வகுப்புக்கு மேலே கூரை ஒழுகும். உடனே அந்த வகுப்பு பையைத் தூக்கிக்கொண்டு நான்காம் வகுப்போடு போய் ஒண்டிக்கொள்ளும். மழைக்காலம் முழுவதும் இப்படி ஒரு வகுப்புக்கு மேலேயே படித்துப் பழகியதால், அந்த ஊர்ப் பிள்ளைகள் எல்லாவற்றையும் ஒரு வருடம் முன்னாலேயே தெரிந்து வைத்திருந்தார்கள். ஓட்டைக் கூரையும் சில நேரம் தெரியாத்தனமாக நல்லது செய்துவிடுகிறது.

ஆறு வருடமாக வாத்தியார் இரண்டே இரண்டு விஷயம் கேட்டு எழுதிக்கொண்டிருந்தார். கூரையைச் சரி செய்ய வேண்டும். இன்னோர் ஆசிரியர் வேண்டும். எழுதியதெல்லாம் கிணற்றில் போட்ட கல். ஏழாம் வருடம் கல் மிதந்தது. பதில் வந்தது. ஆனால் கல்வித் துறையிடமிருந்து அல்ல, ‘கடலோரப் பள்ளிகள் தற்சார்பு வாரியம்’ என்று புதிதாகப் பிறந்திருந்த ஒன்றிடமிருந்து. தொலைவில் உள்ள கடலோரப் பள்ளிகள் இனி யாரிடமும் கையேந்தாமல், சூழல் சுற்றுலாவினாலும் வெயில், காற்று மின்சாரத்தினாலும் தங்களைத் தாங்களே நடத்திக்கொள்ளும். முதல் மாதிரிப் பள்ளியாகத் தங்கள் பள்ளி தேர்வாகியிருக்கிறது. தாங்கள் இனி ஆசிரியர் மட்டுமல்ல, ‘மைய மேலாளர்’ என்று அதில் இருந்தது.

வாத்தியாரின் மனைவி தையல்காரி. வாயில் நூலைக் கடித்தபடியே கேட்டாள்.

“கூரையைப் பத்தி என்ன எழுதியிருக்கு?”

“அதைப் பத்தி இல்ல. ஆனா பாரு, மேலாளர்னு போட்டிருக்காங்க.”

“மேலாளர்னா மேல ஏறி ஓட்டையை அடைப்பாரா?”

வாத்தியாருக்கு அந்தச் சொல் பிடித்திருந்தது. பெட்டியிலிருந்து நல்ல சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு கண்ணாடியில் ஒருமுறை பார்த்துக்கொண்டார். பின்னாளில் எல்லாம் முடிந்து அவர் தன்னைத் தானே நொந்துகொண்ட நேரங்களில், முதலில் அவருக்கு ஞாபகம் வந்தது அந்தக் கண்ணாடிதான்.

தொடக்க விழாவுக்கு வாரியத் தலைவர் வந்தார். நல்ல மனிதர், பேச ஆரம்பித்தால் தாமே உருகிவிடுவார்.

“இத்தனை வருஷமா நாம தப்பான கேள்வியைக் கேட்டுட்டோம்” என்றார் ஒலிபெருக்கியில். “இந்தப் பிள்ளைங்ககிட்ட என்ன இல்லைன்னு கேட்டோம். நான் கேக்கறேன், என்ன இருக்கு? வெயில் இருக்கு. காத்து இருக்கு. வறுமை இருக்கு. மூணும் எவ்வளவு எடுத்தாலும் குறையாது. மூணுமே புதுப்பிக்கத்தக்க வளம்!”

கைதட்டல் காதைப் பிளந்தது. வாத்தியாரும் தட்டினார். தட்டி முடித்த பிறகுதான் அந்த மூன்றாவது வளம் எது என்று அவருக்கு உறைத்தது. அதற்குள் தலைவர் அவர் தலையில் வாரியத்தின் பச்சைத் தொப்பியை வைத்துவிட்டார்.

மறுவாரம் கூரைமேல் சூரியப் பலகைகள் ஏறின. பலகை பொருத்த வந்தவரிடம் வாத்தியார் ஓட்டையைக் காட்டினார். அவர் மேலே போய்ப் பார்த்துவிட்டு இறங்கி வந்து, “கவலைப்படாதீங்க சார், ஓட்டை பலகைக்கு அடியில போயிடுச்சு. இனிமே வெளியிலேர்ந்து பாத்தா தெரியாது” என்றார். பலகையை இறுக்கக் கூரையில் பன்னிரண்டு இடத்தில் துளை போட்டிருந்தார்கள். அடுத்த மழையில் மூன்றாம் வகுப்போடு முதலாம் வகுப்பும் எழுந்தது.

வாரியத்தின் ஒருங்கிணைப்பாளர் வாரம் இருமுறை வருவார். கையில் எப்போதும் ஒரு பலகைக் கணினி. அதில் பார்க்காமல் அவர் வணக்கம்கூடச் சொல்ல மாட்டார். இளைஞர், மரியாதையானவர். அவரிடம் வாத்தியார் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“தம்பி, நம்ம கூரையில வர்ற கரண்ட்டுதானே. பிள்ளைங்களுக்கு ஒரே ஒரு மின்விசிறி போட்டுக்கலாமா?”

“சார், நீங்க உற்பத்தியாளர். உற்பத்தியாளரே நுகர்வோரா இருந்தா அது முரண்பாடு. கரண்ட் வெளியில போகணும். அப்பத்தான் தற்சார்பு.”

“வெயில் உள்ள வருதே தம்பி.”

“வெயில் வரலாம் சார். அதுக்குத் தடையில்ல.”

பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்த இடத்தின் நடுவே ஒரு காற்றாடிக் கோபுரம் எழுந்தது. அது எழுந்த மாதம் பார்த்து அந்தக் கரையில் காற்று நின்றுபோனது. சும்மா நிற்கிற காற்றாடியைப் பார்க்க யார் வருவார்கள்? ஒருங்கிணைப்பாளர் அதன் அடியில் ஒரு மோட்டாரை மாட்டினார். கூரையில் விளைந்த மின்சாரம் மோட்டாரைச் சுற்றியது, மோட்டார் காற்றாடியைச் சுற்றியது. அதைத் தலைவர் படம் பிடித்துப் போய், வெயிலும் காற்றும் கைகோத்த கதை என்று எங்கெல்லாமோ பேசினாராம். ஊர் மீனவர் ஒருவர் மட்டும் காற்றாடியையும் அசையாத படகுக் கொடியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “சாருக்கு மட்டும் தனியா காத்தடிக்குது” என்று சொல்லிவிட்டு நடந்தார்.

பிறகு விருந்தினர்கள் வரத் தொடங்கினார்கள். காலையில் அலையாத்திக் காட்டில் பறவை பார்ப்பார்கள். நண்பகலில் காற்றாடி பார்ப்பார்கள். மாலை நான்கு மணிக்கு ‘ஒரு மணி நேர ஆசிரியர்’ என்ற நிகழ்ச்சி. ஆளுக்கொரு சாக்பீஸ் கொடுக்கப்படும்; பள்ளியில் போய்ப் பாடம் நடத்தலாம். போகும்போது நட்சத்திரம் போட்டுவிட்டுப் போக வேண்டும், ஐந்துக்கு எத்தனை என்று.

முதல் நாள் வந்தவர்கள் ஒரு கணவனும் மனைவியும். அந்த அம்மாள் ஐந்தாம் வகுப்பைப் பார்த்துக் கனிவோடு கேட்டார்: “ஏழெட்டு எவ்வளவுன்னு யாருக்காவது தெரியுமா கண்ணுங்களா?”

கேள்வி முடியுமுன் முப்பத்திரண்டு பேரும் சொன்னார்கள். அதில் ஒரு குரல் அதோடு நிற்கவில்லை; பதினேழெட்டு, இருபத்தேழெட்டு என்று போய்க்கொண்டே இருந்தது. அது ‘வாய்ப்பாடு’. பத்து வயதுப் பெண். அவள் அம்மா ஐஸ் கம்பெனியில் இறால் தரம் பிரிப்பவள். அப்பா படகோடு போனால் திரும்பி வர மாதமாகும். எந்த எண்ணைக் காதில் போட்டாலும் பெருக்கிக் கொடுத்துவிடும் என்பதால் பெண்ணுக்கு அந்தப் பெயர் நின்றுவிட்டது. வந்த அம்மாளுக்குச் சாக்பீஸ் கையிலேயே வியர்த்தது. கடல் ஏன் உப்பாயிருக்கிறது என்று கணவர் கேட்டார். அதற்கு மூன்றாம் வகுப்பே பதில் சொல்லிவிட்டது.

இரண்டு நட்சத்திரம். கீழே குறிப்பு: ‘பறவைகள் அருமை. ஆனால் பிள்ளைகளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. அங்கே எங்களுக்கு வேலையில்லை. மனம் நிறையவில்லை.’

மறுநாளே ஒருங்கிணைப்பாளர் வந்துவிட்டார். முகத்தில் ஈயாடவில்லை.

“சார், இங்க கற்றல் இடைவெளி பத்தல.”

“அப்படின்னா?”

“விருந்தினர் சாதாரண ஆளா வந்து, ஆசிரியரா திரும்பிப் போகணும் சார். அதுக்குப் பிள்ளைங்க கொஞ்சம் இடம் விடணும்.”

“எங்க இடம் விடறது?”

“அறிவுல சார்.”

வாத்தியார் சிரித்தார், வேடிக்கை என்று நினைத்து. ஒருங்கிணைப்பாளர் சிரிக்கவில்லை. “தொடர்ந்து நாலு நட்சத்திரத்துக்கு மேல வந்துச்சுன்னா ரெண்டாவது ஆசிரியர் போடறதா விதி இருக்கு” என்று கணினியைத் திருப்பிக் காட்டினார். இருந்தது. ஆறு வருடக் கடிதம் அந்த ஒரு வரியில் வந்து உட்கார்ந்திருந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் வாத்தியார் பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியாதவர்களாக இருக்கச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தார். எளிமையாகத்தான் சொன்னார். “சார் தொப்பி போட்டிருந்தா உங்களுக்கு ஒண்ணும் தெரியாது. கழட்டிட்டா தெரியும். அவ்வளவுதான்.”

அவர் சொல்லிக் கொடுத்த எதையும் பிள்ளைகள் அத்தனை வேகமாகக் கற்றுக்கொண்டதில்லை. ஒரே வாரத்தில் இரண்டாம் வகுப்பு எழுத்துகளைக் கண்ணாடியில் பார்த்த மாதிரி திருப்பி எழுதியது. முதலாம் வகுப்புப் பையன் ஒருவன் சாக்பீஸை வாயில் வைத்துக் கடித்துக் காட்டினான். அவனைப் பார்த்து ஒரு விருந்தினர் கண் கலங்கினார். வாய்ப்பாட்டுக்கு மட்டும்தான் கஷ்டமாக இருந்தது. தெரியாது என்று வாய் சொல்லும், உதடு தானாக விடையை முணுமுணுக்கும்.

“சார், தெரிஞ்சதைத் தெரியாதுன்னு சொன்னா அது பொய் இல்லையா?” என்று கேட்டாள்.

“பொய் இல்லம்மா, விருந்தோம்பல்” என்றார் வாத்தியார். சொல்லிவிட்டுக் கரும்பலகையைத் துடைக்கத் திரும்பிக்கொண்டார். கரும்பலகையில் துடைக்க ஒன்றும் இல்லை.

நான்கு நட்சத்திரம் வந்தது. நாலரை வந்தது. அப்புறம் ஒரு விருந்தினர், பிள்ளைகளின் சட்டை புதிதாக இருப்பது உறுத்துவதாக எழுதினார். வாரியத்திலிருந்து முப்பத்திரண்டு துண்டுத் துணி வந்தது, ஒட்டுப் போடுவதற்கு. வாத்தியார் அதை மனைவியின் முன்னால் வைத்துவிட்டு நகரப் பார்த்தார்.

“எங்க கிழிஞ்சிருக்கு?” என்றாள் அவள்.

“கிழியல. சும்மா மேலாக்க ஒட்டினா போதுமாம்.”

“கிழிஞ்ச துணிக்கு ஒட்டுப் போட்டிருக்கேன். கிழியாததுக்கு ஒட்டுப் போடச் சொல்லி இதுவரைக்கும் எவனும் வந்ததில்ல.”

“ரெண்டாவது வாத்தியார் வருவாரு. அதுக்காகத்தான்...”

அவள் துணியை எடுத்துக்கொண்டாள். நான்கு நாள் மெஷின் சத்தம் மட்டும் கேட்டது. ஐந்தாம் நாள் முப்பத்திரண்டு சட்டையும் மடித்து வைத்திருந்தாள். வாத்தியார் தன் நல்ல சட்டையை எடுத்தார். சரியாக நெஞ்சுக்கு மேலே ஓர் ஒட்டு. அவர் அதைப் பிரிக்கச் சொல்லவில்லை. அப்படியே போட்டுக்கொண்டு போனார். ஒருங்கிணைப்பாளர் பார்த்து, “பிரமாதம் சார், ஒருமைப்பாடு!” என்றார்.

இந்த நேரத்தில்தான் உறைவிடப் பள்ளித் தேர்வு வந்தது. மாவட்டத் தலைநகரில் ஒரு நல்ல பள்ளி. தங்கிப் படிக்கலாம், பன்னிரண்டாம் வகுப்பு வரை கவலையில்லை. இப்படிப்பட்ட ஊர்களுக்கு வருடத்துக்கு ஓர் இடம். தேர்வாளர் ஊருக்கே வந்து பிள்ளையிடம் நேரில் ஐந்து கேள்வி கேட்பார். வாய்ப்பாட்டுக்கு அந்த இடம் என்று வாத்தியார் இரண்டு வருடமாக மனதுக்குள் முடிச்சுப் போட்டு வைத்திருந்தார். அவள் அம்மாவிடமும் சொல்லியிருந்தார்.

வியாழக்கிழமை வர வேண்டிய தேர்வாளர் அம்மாள் பேருந்து கிடைக்காமல் சனிக்கிழமை வந்தார். சனிக்கிழமை வாரியத் தலைவரும் வந்திருந்தார், ஒரு பெரிய கொடையாளரையும் அவர் மனைவியையும் கூட்டிக்கொண்டு. தேர்வு நடப்பதைத் தாங்களும் பார்க்கலாமா என்று கொடையாளரின் மனைவி ஆசையாகக் கேட்டார். தலைவர் உடனே நாற்காலி போடச் சொன்னார்.

தேர்வாளர் அம்மாள் களைத்துப்போயிருந்தார். காகிதத்தைப் பார்த்து முதல் கேள்வியைக் கேட்டார்.

“ஒரு படகுல முப்பத்தாறு கூடை. கூடைக்குப் பதினேழு மீன். மொத்தம் எத்தனை?”

வாய்ப்பாடு நிமிர்ந்து வாத்தியாரைப் பார்த்தாள். அவர் தலையில் தொப்பி இருந்தது. அவளுடைய உதடு அசைந்தது. அறுநூற்றுப் பன்னிரண்டு. சத்தமில்லை, ஆனால் எதிரே நின்ற வாத்தியாருக்கு ஒவ்வோர் எழுத்தும் தெரிந்தது. அவர் கை தொப்பிக்குப் போனது.

அப்போது தலைவர் அவர் காதருகே குனிந்தார். “கொடையாளர் வீட்டம்மா கண்ணுல தண்ணி வருது, பாத்தீங்களா? அசையாதீங்க. ரெண்டாவது ஆசிரியர் விஷயத்தை இன்னைக்கே முடிச்சுடறேன்.”

தொப்பியைத் தொட்ட கை அதைச் சற்றே சரி செய்துவிட்டுக் கீழே இறங்கியது.

“தெரியாது டீச்சர்” என்றாள் வாய்ப்பாடு.

ஐந்து கேள்விக்கும் அதே பதில். தேர்வாளர் அம்மாள் ஒரு கோடு போட்டுவிட்டுப் பையை மூடினார். கொடையாளரின் மனைவி ஓடிவந்து பெண்ணைக் கட்டிக்கொண்டு, “நான் சொல்லித் தரேன்டா தங்கம். ஓரெண்டு ரெண்டு. சொல்லு” என்றார். வாய்ப்பாடு சொன்னாள். ஈரெண்டு நாலு. அதையும் சொன்னாள். படம் எடுத்தார்கள். ஐந்து நட்சத்திரம், அந்த மையத்தில் முதன்முதலாக.

எல்லா வண்டியும் போன பிறகு அவள் காற்றாடி அடியில் நின்றிருந்தாள். வாத்தியார் அவள் பக்கம் போகாமல் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

“சார், அது நெஜப் பரீட்சைதானே?”

“ஆமாம்மா.”

“எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. ஆனா சார் கழட்டலையே, ஏதோ காரணம் இருக்கும்னு நெனச்சேன்.”

குற்றம் சாட்டுகிற குரலே இல்லை. கணக்கில் ஒரு படி விளங்காதபோது கேட்பாளே, அந்தக் குரல். வாத்தியார் பதிலுக்கு என்னவோ சொன்னார். என்ன சொன்னோம் என்று பிறகு எத்தனை யோசித்தும் அவருக்கு நினைவு வரவில்லை.

திங்கட்கிழமை காலைப் பேருந்தில் வாரிய அலுவலகத்துக்குப் போனார். வரவேற்பறையில் நுழைந்ததும் கால் நின்றுவிட்டது. எதிர்ச் சுவரில் பத்தடி உயரத்துக்கு வாய்ப்பாட்டின் முகம். ஒட்டுப் போட்ட சட்டை, சற்றே திறந்த உதடு. கீழே பெரிய எழுத்தில்: ‘இவளுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.’ இரண்டே நாளில் அச்சடித்து மாட்டியிருந்தார்கள். கூரைக்கு ஆறு வருடம் ஆகிறதே என்று அவருக்குத் தோன்றியது. அதைச் சொல்லத் தைரியம் வரவில்லை.

தலைவர் அன்போடு உட்காரவைத்தார். வாத்தியார் விஷயத்தைச் சொன்னார். பிள்ளைக்கு எல்லாம் தெரியும், நிகழ்ச்சிக்காகத்தான் அப்படிச் சொன்னாள் என்று வாரியம் ஒரு கடிதம் கொடுத்தால் மறுதேர்வு கேட்கலாம்.

“நீங்க உணர்ச்சிவசப்படறீங்க” என்றார் தலைவர். “நிதானமா யோசிங்க. இன்னைக்கு அந்தப் பொண்ணு யாரு? எதிர்காலம். அவளைப் பாத்தா நாலு பேருக்கு ஏதாவது செய்யணும்னு தோணுது. அவ பாஸ் பண்ணி அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போயிட்டான்னு வைங்க, அங்க இருக்கற ஐந்நூறு பேர்ல ஒரு மாணவி. அவ்வளவுதான். நிறைவேறிப்போன கனவுக்கு எவன் சார் நன்கொடை கொடுப்பான்?”

“அவ படிக்கணும் சார்.”

“யாரு வேண்டாம்னா? நம்ம வாரியத்தோட நோக்கமே படிப்புதானே. ஆனா படிச்சு முடிச்சிடக் கூடாது. நிலைத்த வளர்ச்சின்னா என்ன? நிலைச்சு நிக்கறது.” கொஞ்சம் தாழ்ந்த குரலில், “அப்புறம், வாரியம் பொய் சொல்லாது. பிள்ளைங்க வாயால தெரியாதுன்னாங்க. நாங்க பதிவு பண்ணினோம். அவ்வளவுதான்” என்றார். தேநீர் வந்தது. நல்ல தேநீர். வாத்தியார் அதையும் குடித்துவிட்டுத்தான் எழுந்தார்.

அங்கிருந்து தேர்வாளர் அம்மாளின் அலுவலகத்துக்கு நடந்தார். வழியெல்லாம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று ஒத்திகை பார்த்தார். உள்ளே போய் நின்றதும், “அன்னைக்குப் பிள்ளை கூட்டத்தைப் பாத்துப் பயந்துடுச்சும்மா. இன்னொரு வாய்ப்பு கொடுங்க” என்று வாயில் வந்தது. தலைமையாசிரியர் கேட்டால் ஒருமுறை மறுதேர்வு வைக்கலாமென்று விதியிருந்தது. பத்து நாள் கழித்துப் பெண்ணைக் கூட்டிவரச் சொன்னார் அந்த அம்மாள்.

அந்தப் பத்து நாளில் வாத்தியார் ஒரு கடிதம் எழுதினார். நாலு முறை கிழித்து ஐந்தாம் முறை முழுசாக எழுதினார். நான் சொல்லித்தான் பிள்ளை பொய் சொன்னாள், எனக்கு என்ன தண்டனையானாலும் சரி என்று. மடித்துச் சட்டைப் பையில், அந்த ஒட்டுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

பத்தாம் நாள் வாய்ப்பாடு, அவள் அம்மா, வாத்தியார் மூன்று பேரும் போனார்கள். அம்மா மகளின் சட்டையிலிருந்து ஒட்டைப் பிரித்துவிட்டிருந்தாள். ஊசித் துளை மட்டும் சதுரமாகத் தெரிந்தது. வாத்தியார் அதைப் பார்த்தார்.

தேர்வு பத்து நிமிடம்கூட நடக்கவில்லை. ஐந்து கேள்வி முடிந்து, தேர்வாளர் அம்மாள் ஆசைக்கு இன்னும் ஆறு கேட்டார். கடைசியில் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.

“இவ்வளவு தெரிஞ்சு வெச்சுக்கிட்டு அன்னைக்கு ஏம்மா ஒண்ணுமே தெரியலைன்னே?”

வாத்தியார் பையில் கைவிட்டார். அதற்குள் வாய்ப்பாடு சொல்லிவிட்டாள். அந்த அம்மாளின் முகத்தை நேராகப் பார்த்து, கண் சிமிட்டாமல், உதடு வேறெதையும் முணுமுணுக்காமல் சொன்னாள்.

“அன்னைக்கு நெஜமாவே தெரியாது டீச்சர். அப்புறம் சார்தான் பத்து நாள் உக்காந்து எல்லாத்தையும் சொல்லிக் கொடுத்தாரு.”

தேர்வாளர் அம்மாள் எழுந்தே நின்றுவிட்டார். “பத்து நாள்லயா? சார், நான் இருபது வருஷமா இந்த வேலையில இருக்கேன். உங்களை மாதிரி ஒருத்தரைப் பாத்ததில்ல” என்று சொல்லிப் பதிவேட்டில் அப்படியே எழுதினார்.

வாத்தியார் பெண்ணையும் தாயையும் வெளியே இருக்கச் சொல்லிவிட்டுக் கடிதத்தை நீட்டினார். அந்த அம்மாள் பாதி படித்ததும் கதவைப் பார்த்தார், மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

“இதை நான் வாங்கினேன்னா கோப்புல சேக்கணும். தேர்வுல பொய் சொன்ன பிள்ளைக்கு இடமில்லைன்னு விதி இருக்கு சார். யார் சொல்லச் சொன்னாங்கன்னு கேக்கற விதி இல்ல.”

“அப்ப அந்தப் பாராட்டையாவது...”

“மையால எழுதியாச்சு. அடிக்க முடியாது.”

மிச்சக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வாய்ப்பாட்டுக்கு இடம் கிடைத்தது. வாரியம் தன் ஆண்டு மலரில் ‘பத்தே நாளில்!’ என்று வாத்தியாரின் படத்தைப் போட்டது. அவர் தொப்பியைத் தபாலில் திருப்பி அனுப்பி, நடந்ததையெல்லாம் எழுதினார். ‘தொப்பி கிடைத்தது. கடிதத்தில் கண்டவை எதுவும் வாரியத்தின் அறிவுக்கு எட்டவில்லை’ என்று பதில் வந்தது. அவர் வகுப்பில் நின்று பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்டார்; இனி தெரிந்ததைத் தெரியும் என்றே சொல்லுங்கள் என்றார். விருந்தினர்கள் பாவம், வருத்தப்படுவார்களே என்றது இரண்டாம் வகுப்பு. வருத்தப்பட்டார்கள்தான். நட்சத்திரம் உதிர்ந்தது. ஆறு மாதத்தில் வாரியம் பலகைகளைக் கழற்றிக்கொண்டு கரையோரம் வேறு ஊருக்குப் போய்விட்டது. பன்னிரண்டு துளையையும் விட்டுவிட்டுப் போனது. பிள்ளைகளின் அப்பாக்கள் நாலு பேர் தார்ப்பாயும் கயிறுமாக வந்து அரை நாளில் எல்லாவற்றையும் அடைத்துக் கொடுத்தார்கள். இதை ஏன் சார் எங்களிடம் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டார்கள். ஆறு வருடத்தில் அவர் அவர்களிடம் கேட்டதே இல்லை. இரண்டாவது ஆசிரியர் இன்னும் வரவில்லை.

ஆனால் வாத்தியாரை இன்றுவரை தலைநிமிர விடாதது இதில் எதுவுமில்லை. அந்த மறுதேர்வு முடிந்த சாயங்காலம் பேருந்து நிறுத்தத்தில் நடந்ததுதான்.

வாய்ப்பாடு சற்றுத் தள்ளிக் கடைப் பலகையில் இருந்த விலையையெல்லாம் படித்துக்கொண்டிருந்தாள். அவள் அம்மா பையை மடியில் வைத்துக்கொண்டு திண்டில் உட்கார்ந்திருந்தாள். வாத்தியார் தொண்டையைச் சரி செய்துகொண்டார்.

“உங்க பொண்ணு உள்ள சொன்னது நெஜமில்லம்மா. நான் பத்து நாள்ல ஒண்ணும் சொல்லிக் கொடுக்கல. அன்னைக்கே அவளுக்கு எல்லாம் தெரியும். நான்தான்...”

“தெரியும் சார்” என்றாள் அவள்.

வாத்தியார் அவள் பக்கம் திரும்பினார்.

“எல்லா வீட்லயும் தெரியும். முதல் வாரமே பிள்ளைங்க வந்து சொல்லிடுச்சுங்க, சிரிச்சுச் சிரிச்சு நடிச்சும் காட்டுச்சுங்க. ஐஸ் கம்பெனியில நாங்க பொம்பளைங்க எல்லாம் பேசி வெச்சோம். சார் காதுல விழற மாதிரி யாரும் இதைப் பத்திப் பேசக் கூடாதுன்னு. ஊருக்கே தெரிஞ்சுபோச்சுன்னு தெரிஞ்சா மனுஷன் கூனிப்போயிடுவாரு, நாளைக்கு எப்படி வகுப்புல வந்து நிப்பாருன்னு.”

“யாராவது வந்து என் சட்டையைப் பிடிச்சுக் கேட்டிருக்கலாமேம்மா?”

அவள் பையின் காதை இப்படியும் அப்படியும் முறுக்கினாள்.

“கேட்டிருக்கலாம். எனக்கே பரீட்சை அன்னைக்கு ராத்திரி வாய் வரைக்கும் வந்துச்சு. ஆனா நீங்க கோவிச்சுக்கிட்டுப் போயிட்டீங்கன்னா, வேற யாரு சார் எங்க ஊருக்கு வருவாங்க?”

பேருந்து வந்தது. கூட்டமே இல்லை. வாய்ப்பாடு முதலில் ஏறி, ஜன்னலோரம் நகர்ந்து, பக்கத்து இடத்தைக் கையால் தட்டிக் காட்டினாள்.

“உக்காருங்க சார், எடம் இருக்கு.”

வாத்தியார் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டார். ஊர் வந்து சேர ஒன்றரை மணி நேரம். வழிநெடுக நின்றபடியே வந்தார்.